சத்தமில்லாத ஒரு பெட்டி

ஆடி மாதத்தில் என் மனைவிக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் விட்டது. விட்டபோது இடது காதையும் கூடவே கொண்டுபோய்விட்டது. வலது காது மிஞ்சியது, அதுவோ எல்லாவற்றையும் இரண்டு மடங்காகக் கேட்க ஆரம்பித்தது. மிக்ஸி, ஸ்கூட்டர், மீன்காரியின் கூவல் எல்லாம் அவளுக்கு வலித்தன. அவற்றைவிட மோசம், நிற்காமல் ஓடும் இரைச்சல். அதைக் கேட்டால் தலை சுற்றும். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவாள். நன்றாக உறங்கினால் மெல்ல மெல்லச் சரியாகும் என்றார் டாக்டர். அந்த உறக்கம்தான் வரவில்லை.

வராததற்குக் காரணம் நான். சரியாகச் சொன்னால் என்னுடைய கம்ப்யூட்டர்.

நாங்கள் இருவரும் போர்டு செய்கிறவர்கள். கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் அக்ரிலிக்கில் பெயர்ப்பலகை. திருவனந்தபுரத்துக்கு வந்த நாளிலிருந்து இதுதான் தொழில். வெட்டுகிற மெஷின்கள் சாலை பஜாருக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் இருக்கின்றன. வரைவதெல்லாம் கரமனையில், வீட்டின் முன்னறையில். முன்னறைக்கும் அவள் படுக்கும் அறைக்கும் நடுவே வெறும் பலகைத் தட்டி. முன்பெல்லாம் காகிதத்தில் வரைந்து காட்டினால் போதும். இப்போது ஒவ்வொருவருக்கும் போர்டு இருட்டில் எப்படி ஒளிரும், மழையில் எப்படித் தெரியும் என்று படம் வேண்டும். ஒரு படத்தைக் கம்ப்யூட்டர் செய்து முடிக்க மூன்று மணி நேரம் ஆகும், ராத்திரியிலும் ஓடும். அந்த மூன்று மணி நேரமும் அதன் ஃபேன்கள் போடும் கூச்சல் எனக்கே எரிச்சலாக இருக்கும்.

ஷெட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று கேட்கலாம். முன்பு ஒன்றைக் கொண்டுபோய் வைத்தேன், அக்ரிலிக் தூளும் புகையும் அடைந்து ஆறே மாதத்தில் செத்தது. அதோடு, எப்போது தலை சுற்றி விழுவாள் என்று தெரியாதவளை வீட்டில் தனியாக விட்டுவிட்டு நான் எங்கே போவது?

எங்கள் தொழிலில் இருக்கும் ஒரு வழக்கத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அக்ரிலிக் பலகையில் எழுத்தை முன்பக்கம் வெட்டினால் தூசி அடையும், மங்கும். அதனால் பின்பக்கம் வெட்டுவோம். முன்னால் நிற்பவர் பலகையினூடே வாசிப்பார். அப்படியென்றால் வெட்டும்போது எழுத்து இடம் வலம் மாறியிருக்க வேண்டும். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு பல் டாக்டரின் போர்டை நான் திருப்பாமலே வெட்டிவிட்டேன். மாட்டின பிறகுதான் தெரிந்தது. எதிர்ப்புறம் நிற்கும் ஆட்டோவின் பக்கக் கண்ணாடியில் மட்டும் அது ஒழுங்காகப் படிக்கக் கிடைத்தது. அந்த டாக்டர் மலையாளத்தில் என்னைத் திட்டியதில் பாதி எனக்கு அப்போது புரியவில்லை. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது.

அன்றிலிருந்து அவள் ஒரு சட்டம் போட்டாள். பென் டிரைவில் ஏற்றுவதற்கு முன் அவளைக் கூப்பிட வேண்டும். கையைச் சேலையில் துடைத்தபடி வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பாள். "திருப்பியாச்சா?" என்பாள். நான் திருப்புவேன். அவள் கம்ப்யூட்டர் மேஜையில் எப்போதும் கிடக்கும் கைக்கண்ணாடியை எடுத்து, திரைக்கு நேரே பிடித்து, கண்ணாடிக்குள் ஒவ்வொரு எழுத்தாக வாசிப்பாள். மலையாள எழுத்தெல்லாம் உருண்டை உருண்டையாக இருப்பதால் திரும்பியிருக்கிறதா இல்லையா என்று வெறும் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. அவள் "ம்" என்றால்தான் பென் டிரைவ். இருபது வருஷத்தில் இந்தச் சட்டம் ஒருநாளும் தவறவில்லை.

காய்ச்சலுக்குப் பிறகு அவளால் திரையின் முன் நிற்க முடியவில்லை. நானே திருப்பி, நானே பார்த்து, நானே ஏற்றிக்கொண்டேன். அந்த மாதங்களில் நான் பட்ட அலுப்பை எப்படிச் சொல்வது? சோறு வடிப்பது, துணி அலசுவது, ஷெட்டுக்கு ஓடுவது, ஓடின வேகத்தில் திரும்பி வருவது எல்லாம் ஒருவன் செய்யக்கூடியவைதான். அவள் உறங்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதைத் தட்டியின் இடைவெளியில் பார்த்துக்கொண்டே அந்தப் பாழாய்ப்போன கம்ப்யூட்டரை ஓடவிடுவதுதான் என்னை முறித்தது.

அவள் உறங்கிய நேரங்களும் இருந்தன. கரண்டு போகும்போது. அதைக் கண்டுபிடித்த அன்றே எனக்குத் திருட்டுப் புத்தி வந்தது. தனக்காக வேலையை நிறுத்த அவள் சம்மதிக்கமாட்டாள், அதனால் மத்தியானம் சாப்பிட்டு அவள் படுத்ததும் போய் மெயின் சுவிட்சை அமர்த்திவிட்டு, "கரண்டு போச்சு" என்பேன். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் உறங்குவாள். ஓடிக்கொண்டிருந்த படம் பாதியில் அழிந்துபோகும். போகட்டும் என்று விட்டேன். இப்படிப் பத்து நாள் நடந்தது. விழிஞ்ஞம் பக்கத்தில் ஓட்டல் திறக்கும் ஒருவர் படம் வரவில்லை, வரவில்லை என்று கேட்டுக் கேட்டு வேறு ஆளிடம் போய்விட்டார். அவர் போனில் கத்தியது ஒரே காதில் அவளுக்குக் கேட்டிருக்கிறது. மறுநாள் நான் கரண்டு போச்சு என்று சொன்னதும் அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"பக்கத்து வீட்டுல டிவி ஓடுகு. நம்ம வீட்டுல மட்டும் கரண்டு போகுமா, அத்தான்?"

நான் போய் மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்தேன்.

"நான் இஞ்ச கெடந்தா ஒங்களுக்கு வேலை நடக்காது. நான் நாகர்கோவிலுக்கு அக்கா வீட்டுக்குப் போறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"அது எனக்கெப்படித் தெரியும்? காது சொல்லணும்லா."

அக்காவுக்குப் போன் போனது. மூன்று ஞாயிறு தள்ளி வண்டியோடு வருவதாகச் சொல்லிவிட்டாள். கட்டிலின் கால்மாட்டில் ஒரு பை வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு நாளும் அதில் ஏதாவது ஒன்று சேர்ந்தது. எனக்கு அந்தப் பையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஐம்பத்தைந்து வயதில் மனைவி இல்லாத வீட்டில் இருந்து பழகுவதற்கு எனக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். அவள் போனால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. காது சரியாகிவிட்டால் மறுபடி இந்த இரைச்சலுக்கு வந்து அதைக் கெடுத்துக்கொள்ள எந்தப் பைத்தியக்காரி சம்மதிப்பாள்?

யோசனை ஷெட்டில் வந்தது. எங்கள் லேசர் மெஷினின் குழாய் தண்ணீரில்தான் குளிர்கிறது. ஒரு பக்கெட், ஒரு சின்ன மோட்டார், இரண்டு ரப்பர் குழாய். அதன் முன் நின்றுதான் தினமும் வேலை செய்கிறேன், இத்தனை நாள் தோன்றவில்லை. கம்ப்யூட்டரையும் அப்படிக் குளிரவைத்தால் என்ன? ஃபேன் வேண்டாம். சூட்டைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு சுவருக்கு வெளியே போகட்டும், வெளியே ரேடியேட்டரில் ஆறிவிட்டு உள்ளே வரட்டும். கடையில் வாங்கும் பெட்டிகளெல்லாம் ரேடியேட்டரைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே வைத்து அதற்கும் நாலு ஃபேன் மாட்டுகின்றன. அது எனக்கு ஆகாது. பெட்டியை நானே செய்ய வேண்டும். அக்ரிலிக் என்னிடம் கொட்டிக் கிடக்கிறது.

கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர்காரர் வெளிநாடு போகிறார், இந்த மாதிரிச் சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். பம்பு, ரேடியேட்டர், சூடாகும் சில்லுகளின் மேல் உட்காரும் செம்புத் தகடுகள், எல்லாம் ஒரு பழைய தலையணை உறைக்குள் போட்டு வைத்திருந்தார். "சேட்டா, இது கேமிங்கினாணோ?" என்று, கம்ப்யூட்டர் விளையாட்டுக்கா என்ற அர்த்தத்தில் கேட்டார். "உறக்கத்துக்கு" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார், வேறொன்றும் கேட்கவில்லை.

பெட்டியின் ஐந்து பக்கங்களையும் மிச்சம் கிடந்த தகடுகளில் வெட்டினேன். ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினேன். ஒட்டுவதற்குக் குளோரோஃபார்ம். ஊசிமருந்துச் சிரிஞ்சில் எடுத்து இணைப்பின் ஒரு முனையில் தொட்டால் போதும், அதுவே இழுத்துக்கொண்டு மறுமுனை வரை ஓடும். ஆனால் ஐப்பசி மழைக்காலம். காற்றில் ஈரம் இருந்தால் இணைப்பு பால் சிந்தினதுபோல வெளுத்துவிடும். மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் வானம் கறுத்துவிடுவதால் காலையில் மட்டும்தான் ஒட்ட முடியும். ஒருநாளைக்கு ஒரு இணைப்பு. இடுப்பு வலித்தது, கண் எரிந்தது. எனக்கு இந்த வேலையில் சந்தோஷம் ஒன்றும் இருக்கவில்லை. சிலர் இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள் என்று நினைத்தாலே அசதியாக இருந்தது.

பெட்டியில் முக்கியமானது ஆறாவது பக்கமாக வரும் ஒரு கனத்த பலகை. தண்ணீர் எங்கே போக வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்பதற்கு அதன் பின்பக்கம் வாய்க்கால் வெட்டி, ரப்பர் வைத்து மூடிவிட வேண்டும். முன்பக்கம் குழாய்கள் மாட்டும் துளைகள். கம்ப்யூட்டரின் தகடுகள் எந்த இடத்தில் இருக்கின்றனவோ அதற்கு நேரே துளைகள் வர வேண்டும். இதை நான் மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தேன். வெட்டுவது பின்பக்கம் என்பதால் பின்னாலிருந்து பார்ப்பதுபோலவே வரைந்தேன். அதாவது வரையும்போதே இடம் வலம் மாறிவிட்டது.

வரைந்து முடித்துப் பென் டிரைவைச் செருகினேன். செருகிய கையோடு, நாற்காலிக்குப் பின்னால் யாரும் இல்லாதது எனக்கு உறைத்தது. "திருப்பியாச்சா?" என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். விசையை ஒரு தட்டு தட்டித் திருப்பினேன். ஷெட்டுக்குப் போய் வெட்டினேன். துளைகளுக்குச் சோப்புத் தண்ணீர் விட்டு விட்டு, விரிசல் விழாமல், கையாலேயே குழாய் திருகுவதற்கு மரை போட்டேன். அதற்கே ஒன்றரை நாள் ஆயிற்று.

பெட்டிக்குள் வைத்துப் பார்த்தபோது எல்லாத் துளைகளும் இடம் வலம் மாறி எதிர்ப்பக்கத்தில் இருந்தன.

பலகையைத் திருப்பி மாட்டலாமே என்றால், மரை ஒரு பக்கம், வாய்க்கால் மறுபக்கம். திருப்பினால் குழாய் சுவரைப் பார்க்கும். முன்னறைத் தரையில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பல் டாக்டர் திட்டினபோதுகூட எனக்கு அழுகை வரவில்லை. அக்கா வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்ன ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைன்னா ஏன் மூச்சு அப்படி வாங்குகு?"

சொன்னேன். வரையும்போதே மாற்றிவிட்டதை, பிறகு பழக்கத்தில் இன்னொரு முறை திருப்பியதை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம் வந்தது.

"எனக்குக் காட்டாம வெட்டச் சொன்னது யாரு?"

"நீ படுத்துக் கெடக்கே. எப்படிக் காட்டுகது?"

"காதுதான் போச்சு. கண்ணு போகல்லலா? இருவது வருசமாட்டு யாரு பாத்துத் தந்தா? நான் செத்தா போனேன்?"

மறுநாள் சாலை பஜாரில் இன்னொரு கனத்த பலகை வாங்கி வந்தேன். படத்தைத் திரையில் திறந்து வைத்தேன். அவள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, தட்டியைப் பிடித்து, சுவரைப் பிடித்து, என் தோளைப் பிடித்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவை. சும்மா இருக்கும்போதும் அந்தக் கம்ப்யூட்டர் இரைந்துகொண்டுதான் இருக்கும். அவள் நெற்றி வேர்த்தது. நான் மேஜையில் கைக்கண்ணாடியைத் தேடினேன். காணவில்லை.

"அது பையில இருக்கு" என்றாள்.

போய் எடுத்து வந்தேன். மடித்த சேலைகளுக்கு அடியில் துண்டில் சுற்றி வைத்திருந்தாள். நாகர்கோவிலில் போர்டு பார்க்கும் வேலை ஒன்றும் அவளுக்கு இல்லை. எப்போது எடுத்து வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன பதில் வந்தாலும் தாங்குகிற நிலையில் நான் இல்லை.

"திருப்பியாச்சா?"

"இது திருப்பாண்டாம். வரைஞ்சதே திருப்பித்தான்."

அவள் கண்ணாடியைப் பிடித்தாள். எழுத்துக்குப் பதிலாக வாய்க்கால்களை விரலால் தொடர்ந்துகொண்டே போனாள். ஒவ்வொரு துளையிலும் நின்று இது எதுக்கு, இது எங்கே போகிறது என்று கேட்டாள். மேல்மூலைக்கு வந்ததும் விரல் நின்றது.

"இஞ்ச காத்து வந்து நிக்கும்லா? அது எங்க போகும்?"

எனக்குப் புரியவில்லை.

"மாடித் தொட்டியிலிருந்து அடுக்களைக் கொழாய்க்கு வெள்ளம் வராம எத்தனை நாள் கெடந்தோம்? காத்து அடைச்சுத்தானே? மேல ஒரு ஓட்டை போட்டு மூடி வையுங்க."

அவள் சொன்னது சரி. அந்தத் துளை இல்லாமல் வெட்டியிருந்தால் இரண்டாவது பலகையும் குப்பைக்குத்தான். அந்த இடத்திலேயே ஒரு துளை சேர்த்தேன். அவள் "ம்" என்றாள். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். போகும்போது கைக்கண்ணாடியைக் கையோடு கொண்டுபோய் மறுபடி பையில் வைத்தாள். துண்டில் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெட்டினேன், மரை போட்டேன், ரப்பர் வைத்து மூடித் திருகினேன். கம்ப்யூட்டரின் உள்பாகங்களை எடுத்துப் பெட்டிக்குள் மாட்டினேன். சுவரில் இரண்டு ஓட்டை போட்டுக் குழாய்களை வெளியே கொண்டுபோய், கிணற்றடிப் பக்கம் கூரையின் இறவாணத்துக்குக் கீழே ரேடியேட்டரை மாட்டினேன். மெதுவாகச் சுற்றும் ஒரு பெரிய ஃபேன் அங்கே, அவளுக்கு எட்டாத தூரத்தில். பாட்டரிக் கடையிலிருந்து காய்ச்சி வடித்த தண்ணீர் இரண்டு கேன். கம்ப்யூட்டருக்குக் கரண்டு கொடுக்காமல் பம்பை மட்டும் ஓட்டி, கசிகிறதா என்று ஒரு முழுநாள் பார்க்க வேண்டும். அடியில் பத்திரிகைத் தாள் விரித்தேன். நனைந்தால் தெரிந்துவிடும். மணிக்கு ஒரு முறை குனிந்து தாளைத் தடவிப் பார்த்தேன். ஒரு திருகில் மட்டும் ஈரம் இருந்தது, இறுக்கினேன். சனிக்கிழமை மாலை தாள் காய்ந்தே இருந்தது. தாளில் ஒரு பக்கம் முழுக்கப் படித்துவிட்டேன், என்ன படித்தேன் என்று ஞாபகமில்லை.

ஞாயிறு பதினொரு மணிக்கு மைனி, அதாவது என் மனைவியின் அக்கா, வந்தாள். அவளைப் போல உரக்கப் பேசுகிறவர்கள் நாஞ்சில் நாட்டிலேயே குறைவு. வாசலில் கால் வைத்ததுமே நான் வாயில் விரல் வைத்துக் காட்டினேன். அவள் முகம் சுருங்கியது. "என்னத்துக்கு இந்த மீன் தொட்டி?" என்று பெட்டியைக் காட்டிக் குசுகுசுத்தாள்.

சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. என் மனைவி சாப்பிட்டுவிட்டு, "நீங்க உண்டு முடிக்கது வரைக்கும் பத்து நிமிசம் தலை சாய்க்கேன்" என்று உள்ளே போனாள். பையை மைனி வாசலுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். நான் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். இருப்பதிலேயே பெரிய படத்தை, ஒரு நகைக்கடையின் மூன்று மாடி போர்டை, ஓடவிட்டேன். கையைப் பெட்டியின் மேல் வைத்தால் லேசாக அதிர்வு தெரிந்தது. காதை வைத்தால்தான் தண்ணீர் போகும் ஓசை. மைனியும் காதை வைத்துப் பார்த்தாள்.

இரண்டு மணி ஆயிற்று. மைனி தட்டி இடைவெளியில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மூன்று ஆயிற்று. மழை வந்து கொஞ்ச நேரம் கொட்டிவிட்டுப் போயிற்று. மைனி இரண்டு மணி நேரம் பேசாமல் இருந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. படம் முடிந்தது, அடுத்ததைப் போட்டேன். நாலரைக்கு மைனி எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் வரை போனாள். "உறங்கட்டும். எழுப்பாண்டாம். நான் போன் பண்ணுகேன்" என்று என் காதருகே சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பை வாசலிலேயே இருந்தது.

ஐந்தரைக்கு அவள் விழித்தாள். அறை மங்கலாக இருந்தது. நான் கட்டிலருகே போனதும் என்னைப் பார்த்த பார்வையிலேயே கோபம் தெரிந்தது.

"திரும்பவும் மெயினை அமத்தினியளா?"

நான் கைநீட்டி விளக்கைப் போட்டேன். எரிந்தது. அவள் விளக்கைப் பார்த்தாள், தட்டியைப் பார்த்தாள். தலையைச் சாய்த்து வலது காதைத் தட்டியின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"ஓடுகா?"

"ரெண்டாவது படம் ஓடுகு."

அவள் மெல்ல எழுந்து கூந்தலை முடிந்துகொண்டாள்.

"அக்கா?"

"போயாச்சு. பை வாசல்ல இருக்கு."

அவள் தட்டியைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு, "சேலை கெடக்கட்டும், பெறவு எடுக்கலாம்" என்றாள். "அந்தக் கண்ணாடியை மட்டும் எடுத்து, அதுக்க எடத்துல கொண்டு வையுங்க."